குத்தகை முடிந்து திரும்பி வந்த குவாரி நிலம்: ஒப்படைப்புக் கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர், ஜெகதேவி, வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டை பக்கமெல்லாம் பட்டா நிலத்தைக் கிரானைட் குவாரிக்குக் குத்தகை விட்ட குடும்பங்கள் நிறைய. நிலம் திரும்பக் கைக்கு வரும்போது ஆழமான குழி ஒன்றும் கழிவுக்கல் மேடு ஒன்றும் கூடவே வருகின்றன. பர்கூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடும்ப நிலம் 2023 பங்குனியில் அப்படித்தான் வந்தது. அந்த வருஷம் ஐப்பசி மழையில் கல் மேட்டின் ஒரு பக்கம் சரிந்து, கீழே இருந்த எங்கள் மாந்தோப்பிலும் பங்காளி வீட்டுத் தோப்பிலும் சேறும் கல்லுமாக இறங்கியது. சரிசெய்ய ஏறக்குறைய ₹6.7 லட்சம் செலவானது. இரண்டு மா சீசனும் போனது. எதை அளக்க வேண்டும், எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும், எந்த அளவு போதும் என்று சொல்ல அப்போது ஒருவரும் இல்லை. இனி நிலத்தைத் திரும்ப வாங்கப் போகிறவர்களுக்காவது இது கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒப்படைக்கும்போது நிலம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. மேட்டின் தலை சமன் செய்யப்பட்டு, மேலே செம்மண் பரப்பி, வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் நட்டிருந்தார்கள். மேட்டைச் சுற்றி மழைநீர் வடிகால் வெட்டியிருந்தது. குழியைச் சுற்றி முள்கம்பி. பழைய குத்தகைப் பத்திரத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: நிலத்தைச் சமன் செய்து ஒப்படைக்க வேண்டும். அந்த வரிப்படி பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் பங்குனியில் எந்த மேடும் நிற்கும், எந்த வடிகாலும் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். நம் பகுதியில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 800 முதல் 900 மி.மீ. வரைதான். அதில் பெரும்பங்கு சில நாட்களில், இடியோடு, இரண்டு மூன்று மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மணி நேரத்தை நிலம் தாங்குமா என்பதை வெயில் காலத்திலேயே கண்டுபிடித்தாக வேண்டும்.

மழை விட்ட மறுநாள் காலையில் நின்று பார்த்தபோது வந்த கோபமும் கையாலாகாத உணர்வும் இன்னும் போகவில்லை. அதைவிடப் பங்காளியான சித்தப்பா முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் நிலத்திலிருந்து போன சேறு அவர் மரங்களின் தூரில் முக்கால் அடி உயரம் ஏறி நின்றது. சித்தப்பா சத்தம் போடவில்லை. “காசு கணக்கெல்லாம் பொறவு பேசிக்கலாம்ப்பா, மொதல்ல தூருல ஏறுன மண்ண எடு. பட்ட அழுகிடுச்சுன்னா மரம் நிக்காது” என்றார். அவர் சொன்னது ரொம்பச் சரி. கல் பொடி கலந்த சேறு காய்ந்தால் இறுகிவிடும், வேருக்குக் காற்று போகாது. மரத்தைச் சுற்றி நான்கடி வட்டத்துக்கு மண்வெட்டியால் கையாலேயே எடுக்க வேண்டும். ஜேசிபி விட்டால் மேல் வேர் அறுந்துவிடும். உடனே எடுத்த மரங்கள் பிழைத்தன. ஆள் கிடைக்காமல் தாமதமான கடைசி வரிசை மரங்கள் காய்ந்தன.

குவாரி நடத்தியவர்கள் ஆள் அனுப்பிச் சரிந்த மண்ணை அள்ளி மேட்டின் மேலேயே மறுபடி போட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். கார்த்திகையில் அதே இடம் மீண்டும் இறங்கியது. சரிவு ஏன் வந்தது என்று பார்க்காமல் சரிந்ததைத் திரும்ப ஏற்றினால், அடுத்த மழைக்குச் சரிய இன்னும் அதிக எடை கொடுத்ததாகத்தான் ஆகும். அதன் பிறகே நில அளவையும் மண் வேலையும் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, புத்தகம் பார்த்து, நாங்களே அளக்க ஆரம்பித்தோம்.

முதலில் காகிதம். குவாரிக்கென்று சுரங்கத் திட்டம் ஒன்று இருக்கும். மேடு எங்கே, எவ்வளவு உயரம், வடிகால் எந்தப் பக்கம், மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்தோடு அதில் உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி ஆணையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். அதன் நிபந்தனைகளில் வடிகால், வண்டல் தொட்டி, வேலி, மரம் நடுதல் எல்லாம் எண் போட்டு எழுதியிருப்பார்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளுக்கு அரையாண்டு நிறைவேற்ற அறிக்கை கொடுத்தாக வேண்டும். அந்த அறிக்கைகளையும் வாங்குங்கள். வடிகால் வெட்டி முடித்தாயிற்று என்று அதில் எழுதியிருந்தால், நிலத்தில் இருப்பதை அதோடு பொருத்திப் பார்க்கலாம். சுரங்கம் தோண்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்த்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8-ல் உத்தரவிட்டிருக்கிறது. பேச்சுவார்த்தையில் அது கைகொடுக்கும். இணையத்தில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ₹10 கட்டணத்தோடு மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கூடவே உங்கள் புல எண், சுற்றியுள்ள புல எண்கள் எல்லாவற்றுக்கும் புலப்படமும், கிராம வரைபடமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைப் புறம்போக்கு எங்கே ஓடியது, இப்போது அது கல் மேட்டுக்கு அடியில் போய்விட்டதா என்பது அதில்தான் தெரியும். எங்கள் நிலத்தில் பழைய சிற்றோடையின் வால் பகுதி மேட்டுக்கு அடியில்தான் இருந்தது. சரிந்ததும் அந்த இடமே.

அடுத்தது தண்ணீரின் வழி. மழை பெய்யும்போதே குடையோடு நடந்து போனில் வீடியோ எடுத்து வைப்பதைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. மழை இல்லாத காலமென்றால் மட்டக்குழாய் போதும். கட்டட வேலைக்கு மேஸ்திரிகள் வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதேதான். வடிகாலின் அடியில் 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து ஒவ்வொரு முளையிலும் மட்டம் எடுத்து நோட்டில் எழுதுங்கள். அடி தொடர்ந்து இறங்கிக்கொண்டே போக வேண்டும். குறைந்தது 100 மீட்டருக்கு 50 செ.மீ. இறக்கம். எங்கள் வடிகாலில் ஓரிடத்தில் அடி, முந்தைய முளையைவிட 18 செ.மீ. மேலே ஏறியிருந்தது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மழை பெய்தால் அந்த மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் குளமாக நிற்கும், நின்ற தண்ணீர் நேராகக் கல் மேட்டின் அடியில் இறங்கும். மேடு ஊறியதற்கு முதல் காரணம் இதுதான். மேட்டைக் காப்பாற்ற வெட்டிய வடிகாலே மேட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறது.

வடிகாலின் கடைசி முனையை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. தயவுசெய்து பாருங்கள். எங்களுடையது ஓடையைத் தொடுவதற்கு 15 மீட்டர் முன்னாலேயே வெறும் நிலத்தில் முடிந்துவிட்டது. அங்கிருந்து தண்ணீர் தன் இஷ்டத்துக்கு மண்ணை அறுத்துக்கொண்டு போய் இடுப்பளவு பள்ளம் பறித்திருந்தது. அந்தப் பள்ளம் மழைக்கு மழை பின்னோக்கி ஏறும், ஒருநாள் மேட்டின் அடிவாரத்தைத் தொடும். வடிகால் ஓடையில்தான் முடிய வேண்டும். முடியும் இடத்தில் ஓர் ஆள் தூக்க முடியாத அளவுள்ள கல்லாக, 30 முதல் 40 செ.மீ. அளவில், மூன்று மீட்டர் நீளத்துக்காவது பதித்திருக்க வேண்டும். கல் குவாரி நிலத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் இந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

வடிகாலின் அளவு போதுமா என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தண்ணீர் வந்து சேரும் பரப்பை ஹெக்டேரில் எடுங்கள். மழையின் வேகத்தை மணிக்கு இத்தனை மி.மீ. என்று எடுங்கள். வெறும் பாறையும் இறுகிய மண்ணும் உள்ள இடத்தில் பெய்ததில் பத்தில் ஆறு பங்கு ஓடிவரும் என்று வைத்து 0.6 என்று எடுங்கள். மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் என்று வரும். எங்கள் மேட்டுக்குப் பின்னாலுள்ள கரட்டுச் சரிவையும் சேர்த்து 4 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர். மணிக்கு 75 மி.மீ. மழைக்கு 0.5 கன மீட்டர், 100 மி.மீ. மழைக்கு 0.67 கன மீட்டர். பின்னாலுள்ள கரட்டை விட்டுவிட்டு குவாரிப் பரப்பை மட்டும் எடுத்தால் கணக்கு பாதியாகத் தெரியும். பல இடங்களில் வடிகால் சின்னதாகப் போவது இதனால்தான்.

அவர்கள் வெட்டியிருந்தது அடி அகலம் 60 செ.மீ., ஆழம் 50 செ.மீ., இரு கரையும் ஒன்றுக்கு ஒன்று சரிவு. 0.5 சதவீத இறக்கத்தில் அது விளிம்பு வரை ததும்பினால்தான் 0.55 கன மீட்டர் கடத்தும். காகிதத்தில் 75 மி.மீ. மழைக்குச் சரிதான். ஆனால் அடியில் 25 செ.மீ. வண்டல் படிந்துவிட்டால் அதே வடிகால் 0.26-க்குமேல் கடத்தாது. பாதி ஆழம் தூர்ந்தால் பாதிக்கு மேல் திறன் போய்விடுகிறது. வெட்டிய பிறகு ஒருமுறைகூடத் தூர் வாரவில்லை என்பதால் ஐப்பசியில் எங்கள் வடிகால் அந்த நிலையில்தான் இருந்தது. இப்போது அடி 75 செ.மீ., ஆழம் 80 செ.மீ. என்று மாற்றியிருக்கிறோம். 55 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஓடினாலே 0.77 கன மீட்டர் போகும், மேலே 25 செ.மீ. காலியாக நிற்கும். வேகமும் நொடிக்கு ஒரு மீட்டரை ஒட்டியே இருப்பதால் நம் கிராவல் மண் தாங்கும். இறக்கம் அதிகமான இடத்தில் வேகம் கூடி அடியை அரிக்கும். அங்கே குறுக்கே கல் தடுப்பு வைக்க வேண்டும். கீழ்த் தடுப்பின் தலை மட்டமும் மேல் தடுப்பின் அடி மட்டமும் ஒன்றாக இருக்கும்படி வைத்தால் போதும். 5 சதவீத இறக்கத்தில் அரை மீட்டர் உயரத் தடுப்பென்றால் 10 மீட்டருக்கு ஒன்று.

வண்டல் தொட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். ஓடிவரும் நொடிக்கு 0.5 கன மீட்டரில் 0.1 மி.மீ. பருமனுள்ள மணலைப் படிய வைக்க ஏறக்குறைய 62 சதுர மீட்டர் நீர்ப்பரப்பு போதும். 12-க்கு 6 மீட்டர் தொட்டி அதைச் செய்துவிடும். ஆனால் கல் அறுத்த பொடியும் நைசான செம்மண்ணும் 0.02 மி.மீ., அதற்கும் கீழே. அதைப் படிய வைக்க 1,400 சதுர மீட்டர் பக்கம், அதாவது 34 சென்ட் நிலம் குளமாக நிற்க வேண்டும். யாராலும் முடியாது. ஆகவே தொட்டிக்கு வெளியே வரும் தண்ணீர் சிவப்பாகவோ பால் போலவோ இருந்தால் தொட்டியைப் பெரிதாக்கிப் பயனில்லை. மேலே எங்கேயோ வெறும் மண் தெரிகிறது, அங்கே புல் மூட வேண்டும். தொட்டியில் படிந்தது மூன்றில் ஒரு பங்கு ஆழத்தைத் தாண்டும்போதே வாரிவிட வேண்டும். வாரிய வண்டலைக் கரையிலேயே கொட்டினால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும்.

இனி மேடு. கிரானைட் குவாரியில் தோண்டியதில் பெரும்பங்கு விற்க முடியாத கல்லாகவே ஒதுங்கும், அதனால் மேடு பெரிதாகத்தான் இருக்கும். லாரியிலிருந்து கொட்டிய கல் தானாக 37, 38 டிகிரியில் நிற்கும். அது விழாமல் நிற்கக் கூடிய கடைசிச் சரிவு, கொஞ்சம் நனைந்தாலும் கொஞ்சம் எடை கூடினாலும் இறங்கிவிடும். புல் பிடிக்கவும் மழை தாங்கவும் ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம் வேண்டும், அது 27 டிகிரிக்குள் வரும். போனிலேயே சரிவு காட்டும் வசதி இருக்கிறது. நேரான பலகை ஒன்றைச் சரிவில் வைத்து அதன்மேல் போனை வைத்துப் பல இடங்களில் பாருங்கள். எங்கள் மேடு 12 மீட்டர் உயரம், 38 டிகிரி. அடியைத் தள்ளிப்போட்டுச் சரிவைக் குறைக்கலாமென்றால் எட்டரை மீட்டர் கூடுதல் இடம் வேண்டும். பக்கத்துப் பட்டாவுக்கு 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்பதால் அந்த வழி அடைபட்டது. மேலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும். 80 மீட்டர் நீளத்துக்கு அது ஏறக்குறைய 4,100 கன மீட்டர். ஹிட்டாச்சி ஓட்ட வந்த தம்பி, “அண்ணா, மேல இருந்து அப்படியே தள்ளி விட்டா சுளுவா முடிஞ்சிரும்ங்க” என்றார். மேலிருந்து தள்ளினால் மறுபடி அதே 38 டிகிரிதான் வரும். வெட்டியதை டிப்பரில் ஏற்றிக் குழியின் ஆழம் குறைந்த மூலையில் கொட்டினோம். செலவு கூடினாலும் அதைத் தவிர வழியில்லை.

வெட்டும்போதுதான் சரிவின் இரண்டாவது காரணம் கண்ணில் பட்டது. மேடு போடுவதற்கு முன் அடியிலிருந்த மேல்மண்ணை யாரும் எடுக்கவில்லை. கல்லுக்கு அடியில் ஒரு முழம் கனத்தில் பழைய வயல் மண் அப்படியே இருந்தது. கையில் எடுத்து உருட்டினால் திரியாக நீண்டது, அவ்வளவு களி. வடிகாலில் நின்ற தண்ணீர் அந்தக் களியை ஊறவைத்ததும் மேலே இருந்த கல் முழுதும் அதன்மேல் வழுக்கி வந்துவிட்டது. உங்கள் மேட்டின் அடி ஓரத்தில் மூன்று நான்கு இடங்களில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி போட்டுப் பாருங்கள். இந்தக் களி தெரிந்தால், அடிவாரத்தில் அதைத் தோண்டி எடுத்துவிட்டுக் கல்லால் நிரப்பி அணை கொடுக்காமல் மேலே எந்த வேலையும் செய்யாதீர்கள்.

குழி போடாமலே தெரியும் அறிகுறிகளும் உண்டு. மேட்டின் தலையில் விளிம்புக்கு இணையாக நேராக ஓடும் மெல்லிய வெடிப்பு மண் அமர்வதாலும் வரலாம். பிறை வடிவில் வளைந்து, ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து நிற்கும் வெடிப்பு சரிவின் தொடக்கம். வெடிப்பின் இரு பக்கமும் இரும்பு முளை அடித்து இடைவெளியை டேப்பால் வாரம் ஒருமுறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அளந்து தேதியோடு எழுதுங்கள். கூடிக்கொண்டே போனால் அடிவாரத்தில் யாரையும் ஆடு மேய்க்கவிடக் கூடாது. வெடிப்பைத் திறந்தபடி விடாமல் களிமண் இடித்து மூடுங்கள். மழைநீர் உள்ளே போக அதைவிட நேர்வழி இல்லை. நட்ட கன்றுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலும், அடிவாரம் உப்பியிருந்தாலும் அதே எச்சரிக்கைதான். சித்திரை வெயிலில் மேட்டின் அடியில் கோரை பச்சையாக நின்றால் அங்கே உள்ளிருந்து ஊற்று கசிகிறது. கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயம் குறைவு. கலங்கலாக வந்தால் மேட்டுக்குள்ளிருந்து மண் கரைந்து வெளியேறுகிறது.

மண் கரைவதற்குக் காரணம் மேல் அமைப்பு. பெரிய பெரிய கழிவுக்கல்லின் மேல் நேரடியாகச் செம்மண் பரப்பியிருந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு ஆள் கை நுழையும் சந்து. முதல் மழையிலேயே மண் அதற்குள் இறங்கி, மேலே எலி வளை போல ஓட்டைகள் விழுந்துவிட்டன. அந்த ஓட்டை வழியே தண்ணீர் நேராக மேட்டின் வயிற்றுக்குள் போனது. கல்லின் மேல் மண் நிற்க வேண்டுமென்றால் நடுவில் படிப்படியாக அளவு குறைய வேண்டும். சந்துகளைச் சின்னக் கல்லால் அடைத்து, 40 மி.மீ. ஜல்லி 20 செ.மீ., அதன்மேல் 6 மி.மீ. சிப்ஸும் கிரஷர் டஸ்டும் கலந்து 15 செ.மீ., பிறகு கிராவல் 30 செ.மீ., கடைசியாக மேல்மண் 20 முதல் 30 செ.மீ. ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். மேட்டின் தலையை வெளிப்பக்கம் சாய்க்காமல் உள்பக்கமாக 2, 3 சதவீதம் சாய்த்து, விளிம்பில் 60 செ.மீ. வரப்பு போட்டு, சேரும் தண்ணீரைக் கல் பதித்த ஒரே சரிவு வழியாக இறக்குங்கள். அந்த இறக்கு வழியைச் சிமென்ட் பூசித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். மேடு அமரும்போது சிமென்ட் வெடித்து, அடியில் தண்ணீர் புகுந்து குடைந்துவிடும். ஜல்லிப் படுக்கையின் மேல் வெறும் கல்லாகப் பதித்தால் மேட்டோடு சேர்ந்து அமர்ந்துகொள்ளும்.

குழியைப் பொறுத்தவரை பாறைச் சுவரைவிட அதன் தலையிலிருக்கும் மண்தான் முதலில் விழும். மண், கிராவல் பகுதி 45 டிகிரிக்குள் சாய்ந்திருக்க வேண்டும், அல்லது ஒன்றரை மீட்டருக்கு மிகாத உயரமும் அதற்குக் குறையாத அகலமும் உள்ள படிகளாக இருக்க வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. குழி நிரம்பினால் எந்த உதட்டில் வழியும் என்பதை மட்டக்குழாயால் கண்டுபிடித்து அந்த இடத்தில் கல் கலிங்கு கட்டுங்கள். வடிகாலைக் குழிக்குள் திருப்பிவிட்டால் தண்ணீர் சேருமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வண்டல் தொட்டியைத் தாண்டி, கல் படிக்கட்டு வழியாக இறங்கினால் மட்டும் செய்யலாம். சேர்ந்த தண்ணீரைக் குடிக்கவோ மாட்டுக்கு வைக்கவோ பயன்படுத்துவதற்கு முன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். வெடிமருந்தில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட்டால் நைட்ரேட் ஏறியிருக்கலாம், லிட்டருக்கு 45 மி.கி. வரம்பு. புளோரைடு கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களுக்கும் பழைய வியாதி, லிட்டருக்கு 1.5 மி.கி.-க்கு மேல் போகக் கூடாது. வேலியைப் பொறுத்தவரை மூன்று கம்பி போதாது. குவாரிக் குட்டையில் பிள்ளைகள் மூழ்கும் செய்தி வராத கோடை விடுமுறை இல்லை. ஆள் உயர வேலியும் அதை ஒட்டிக் கள்ளியும் வையுங்கள்.

மண்ணும் செடியும் கடைசி. டிப்பர் ஓடிய இடம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க ஆறு அங்குல பிவிசி குழாயை 10 செ.மீ. மண்ணில் இறக்கித் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் போதும். எங்கள் தோப்பில் 25 மி.மீ. இறங்கியது, சமன் செய்த இடத்தில் 3 மி.மீ. அப்படிப்பட்ட நிலத்தில் கன்று நட்டால் குழிக்குள்ளேயே வேர் சுற்றிக்கொள்ளும். சரிவுக்குக் குறுக்காக ஒன்றரை அடி ஆழத்துக்கு உளிக்கலப்பை ஓட்ட வேண்டும். சரிவில் முதல் வருஷம் மரமே வேண்டாம். ஆடி, ஆவணி ஈரத்தில் கொள்ளும் முயல் மசாலும் கொழுக்கட்டைப் புல்லும் கலந்து தூவி, வடிகால் கரையில் வெட்டிவேர் நடுங்கள். புல் மூடிய பிறகு ஆவாரை, வேம்பு, புங்கன். சீமைக்கருவேலம் தானாக வந்தால் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். ஓடை முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும்: முடிவிடம், வண்டல் தொட்டி, வடிகால், மேட்டின் அடி, சரிவு, தலை, மண், புல். தை முடிந்து தொடங்கினால் வைகாசிக்குள் மண் வேலை முடியும். எங்களுக்கு ஹிட்டாச்சி 110 மணி நேரம் ₹2.42 லட்சம், டிப்பர் ₹1.25 லட்சம், ஜல்லியும் டஸ்டும் ₹90,000, வடிகால், கல் பதிப்பு, தொட்டி ₹1.1 லட்சம், சித்தப்பா தோப்புக்கு ₹70,000, வேலி, விதை, கன்று ₹35,000. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அளவுக் குறிப்பும் படங்களும் அனுமதி ஆணை நிபந்தனையும் சேர்த்து மனு கொடுத்த பிறகு, பேச்சுவார்த்தையில் குவாரித் தரப்பிலிருந்து ₹1.5 லட்சம் வந்தது. இதே அளவுக் குறிப்பு ஒப்படைப்புக்கு முன்னால் கையில் இருந்திருந்தால் முழு வேலையையும் அவர்களே செய்து தந்திருக்க வேண்டும். ஆகவே ஒப்படைப்புச் சீட்டில், வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதம் இரு தரப்பும் சேர்ந்து வடிகாலையும் மேட்டையும் பார்த்த பிறகே ஒப்படைப்பு நிறைவு பெறும் என்று எழுதி வாங்குங்கள்.

2024 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தது. ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. கொட்டியது. எங்கள் பக்கம் அந்த அளவு இல்லையென்றாலும் வடிகால் இரவெல்லாம் நிறைந்து ஓடியது. சரிவு நின்றது. இறக்கு வழியில் மூன்று கல் மட்டும் பெயர்ந்தது, வண்டல் தொட்டி முழுக்கத் தூர்ந்தது, சித்தப்பா தோப்புக்குத் தண்ணீர் மட்டும் போனது, மண் போகவில்லை. ஆனால் குழி மூலையில் கொட்டி நிரப்பிய இடம் அந்த ஈரத்தில் ஒன்றரை அடி அமர்ந்து நடுவில் தண்ணீர் தேங்குகிறது. கொட்டிய கல் முதல் நனைப்பில் இப்படி இறங்குவது இயல்பு, நிரப்பும்போதே நடுவை உயர்த்தி விட்டிருக்க வேண்டிய இடம் அது. அடுத்த ஆடிக்குள் கிராவல் போட்டு ஏற்றி, தண்ணீர் வடிகால் பக்கம் திரும்பும்படி சாய்க்க வேண்டும்.